டெல்லிப் பிள்ளை எடுத்த சீட்டு

எங்கள் ஊருக்குத் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு ஆள் வேண்டியிருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் டெல்லியிலிருந்து கோடை லீவுக்குப் போயிருந்த என் மகளைப் பிடித்தார்கள்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. இங்கிலீஷ் நாவலைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குவாள். பள்ளிக்கூடத்தில் இந்திக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். தமிழ் பேசுவாள், நடுவில் இந்தி நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். படிக்க மட்டும் வராது. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சேர்க்கலாம் என்று அவள் அப்பா சொன்னபோது, கிட்வாய் நகரிலிருந்து அவ்வளவு தூரம் தினமும் யார் கொண்டுபோய் விடுவது என்று மறுத்தவள் நான். அந்தச் சோம்பல் ஒருநாள் இரண்டு ஊர்களுக்கு உபயோகப்படும் என்று யார் கண்டது.

அந்த இரண்டு ஊர்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கடற்கரையில் தெற்கே இருப்பது நான் பிறந்த ஊர். வடக்கே அடுத்தாற்போல் இருப்பது என் கணவர் ஊர். இந்த ஊர்க் கோவில் மணி அடித்தால் அந்த ஊரில் கேட்கும். கோவில் என்று நாங்கள் சொல்வது மாதா கோவிலை. என் ஊரில் கடலுக்கு இரண்டாவது வரிசையில் என் தம்பியின் வீடு. அவர் ஊரில் கடலைப் பார்த்து முதலில் இருப்பது கல்லறைத் தோட்டம், அங்கே என் மாமியார் இருக்கிறார். அதை ஒட்டினாற்போல் கணவரின் அண்ணன் வீடு. அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன், என்னைப் பார்த்து என் தம்பியும் அப்படியே கூப்பிடுவான். இந்த இரண்டு வீடுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும். எனக்குத்தான் இன்னும் புரியவில்லை.

கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. தெற்கே துறைமுகத்துக்குச் சுவர் கட்டிய பிறகுதான் வர ஆரம்பித்தது என்பார்கள் ஊரில். பூமி சூடாகிக் கடல்மட்டமே உயர்கிறது என்பார்கள் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில். இரண்டும் இருக்கலாம். தடுப்பதற்கு ஊரார் கேட்பது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி நீட்டி, நுனியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுகிற சுவர் அது. தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலைப் பிடித்து நிறுத்தும், கரை வளரும். ஆனால் அப்படிப் பிடித்து நிறுத்துவது அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணல். என் ஊரில் வளைவு கட்டினால் என் கணவர் ஊரின் கரை இன்னும் வேகமாக அரிக்கும். அவர் ஊரில் கட்டினால் அதற்கு வடக்கே ஆளில்லாத உப்பங்கழிதான், யாருக்கும் புதிதாக நஷ்டமில்லை. என் ஊர் மட்டும் இப்போது அரிக்கிற வேகத்திலேயே கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஊரிலும் கட்டினால் இரண்டும் பிழைக்கும். பணம் இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் உண்டு, மற்றது இரண்டாவது கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும், எந்த ஊர் முதலில் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

ஊர் தனக்குத் தெரிந்த முறையில் முடிவு செய்தது. சீட்டுப் போட்டது.

எங்கள் கடற்கரையில் தீராத வழக்கு எதுவானாலும் சீட்டுத்தான். கரைவலையை யார் முதலில் இழுப்பது, திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் எந்தத் தெரு நடப்பது எல்லாம் கோவில் முற்றத்தில் வெண்கலச் செம்புக்குள் சுருட்டிப் போட்ட காகிதம் சொல்லும். எடுக்கிற கைக்குப் படிக்கத் தெரியக்கூடாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமான ஆளாகவும் இருக்கக்கூடாது. விழுந்தபின் யாரும் முணுமுணுக்கக் கூடாது. ஒரே ஒரு சலுகை உண்டு. சீட்டு விழுந்தவன் மனதிருந்தால் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விழாதவன் அதைக் கேட்கக்கூடாது, ஜாடையாகக்கூடக் கேட்கக்கூடாது.

முன்பெல்லாம் யாராவது ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். இப்போது எல்கேஜிப் பிள்ளைகளே பஸ் போர்டைப் படித்துவிடுகின்றன. அம்மா வழியில் தெற்கூர், அப்பா வழியில் வடக்கூர், தமிழெழுத்து ஒன்றும் தெரியாது என்று மூன்று தகுதியும் பொருந்திய ஆள் இரண்டு ஊரிலும் சேர்த்து என் மகள் ஒருத்திதான். ஆண்டவரே அனுப்பி வைத்தது மாதிரி இருந்திருக்கும் அவர்களுக்கு.

சாயங்காலம் அவள் போன் செய்தபோது நான் லோதி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, இன்னிக்கு நான் லக்கி டிரா பண்ணினேன்! சர்ச் முன்னாடி எல்லாரும் பாத்தாங்க. மாமா என்னைத் தூக்கிட்டாங்க. பெரியப்பா ஒரு பெரிய பாக்கெட் மக்ரூன் குடுத்தாங்க."

யாருக்கு விழுந்தது என்று கேட்டேன். அது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. போனைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"நமக்குத்தான்க்கா" என்றான். "நம்ம ஊருக்குத்தான் விழுந்திருக்கு."

பஸ் ஸ்டாப்பிலேயே சிலுவை போட்டுக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம். பஸ் சப்தர்ஜங் தாண்டும்போதுதான் மாமியார் நினைவு வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது கணவருக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. அவர் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து குடித்தார். சாதாரணமாகத் தண்ணீரே குடிக்காத மனிதர் அவர். அன்றைக்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, துக்கப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. தோசைக்கு ஊறப்போட்டிருந்ததை அரைக்க மறந்துவிட்டேன்.

இனி என் அலுவலகம். வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தை வாங்கி, கடலோர ஊர்கள் காலநிலை மாற்றத்துக்குத் தாக்குப்பிடிக்கிற வேலைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. கொடுப்பது என்று சொல்லிவிட்டேன். பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான் வேலை. வந்து சேர்ந்த புதிதில் எனக்கு இந்தப் பணத்தின் குணம் பிடிபடவே இல்லை. இனிமேல் இடியப்போகிற வீட்டுக்குப் பணம் உண்டு, ஏற்கெனவே இடிந்த வீட்டுக்கு இல்லை, அது வேறு கணக்கு, வேறு ஆபீஸ். கடல் காலநிலையால் வந்தால் பணம் உண்டு. பக்கத்துத் துறைமுகச் சுவரால் வந்தால் இல்லை. ஆக மொத்தம் கடலை நிறுத்தி வைத்து, நீ எதனால் வந்தாய் என்று வாக்குமூலம் வாங்கியாக வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது பிடிபட்டபாடில்லை. பிடிபட்ட மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டேன், பக்கத்து மேஜைக்காரர்களும் அப்படித்தான் ஆட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் ஊர் மனு வந்தவுடனேயே மேலதிகாரியிடம் போய், இது நான் பிறந்த ஊர், புகுந்த ஊர், என்னிடம் தரவேண்டாம் என்று சொன்னேன். அவர் லக்னோக்காரர், நல்ல மனிதர். "அச்சா, வெரி குட் மேடம், ரொம்ப நேர்மை" என்று பாராட்டிவிட்டு வேறொருவர் மேஜைக்கு மாற்றினார். அந்த வேறொருவர் ஒவ்வொரு டீ நேரத்திலும் என்னிடம் வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் போனார். குளிர்காலத்தில் ஊர்ப் பிரதிநிதிகளைக் கமிட்டி முன்னால் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் நேர்மை அத்துடன் முடிந்தது.

ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஜெயித்த ஊருக்கு என் தம்பி. தோற்ற ஊருக்குப் பெரியத்தான். ஒரே வண்டியில், எதிரெதிர் பெர்த்தில், ஒரே டப்பாவிலிருந்து இட்லி தின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். கிட்வாய் நகரில் எங்கள் கவர்ன்மெண்ட் குவார்ட்டர்ஸில் தங்கினார்கள். என் கணவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாவுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, அப்படியும் நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். பெரியத்தான் தான் தின்ற தட்டைத் தானே கழுவி வைப்பார், தடுத்தாலும் கேட்கமாட்டார். தம்பி மொட்டைமாடியில் நின்று நாலாப்பக்கமும் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏக்கா, எந்தப் பக்கம் பாத்தாலும் கட்டடமாத்தான இருக்கு. இவங்கள்லாம் கடலப் பாத்திருக்காங்களா?"

"பாத்திருக்காங்கடா. கோவாவுல."

எனக்கு மனதில் கிடந்து அரித்த கேள்வி வேறு. பெரியத்தான் ஏன் வந்தார்? அவர் ஊருக்குச் சீட்டு விழவில்லை. என் தம்பி ஊருக்குப் பணம் கிடைத்தால் இவர் வீட்டு வாசலுக்குக் கடல் வரும். அதைக் கேட்டு வாங்க இவர் எதற்கு இத்தனை தூரம் குளிரில் வரவேண்டும்? இரண்டாம் நாள் காபி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"பெரியத்தான், நீங்க எதுக்கு வந்திய?"

"ரெண்டு ஊரும் சேந்துதான மனு குடுத்திருக்கு" என்றார். "ஒரு ஊரு மட்டும் வந்தா, இன்னொரு ஊருக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிருவாங்கள்லா."

"இஷ்டமா உங்களுக்கு?"

"சீட்டு விழுந்துட்டும்மா" என்று சொல்லிவிட்டுக் காபியை ஊதினார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மீதா, தம்பி மீதா, அந்தச் செம்பின் மீதா, சொல்லத் தெரியவில்லை. என் கணவர் அடுத்த அறையில் பேப்பரைப் பிரித்துப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கமிட்டி அறையில் மேலதிகாரி, ஒரு இன்ஜினியர், திட்டத்தை எழுதித் தருகிற கன்சல்டன்ட் பெண் ஆகியோர் இருந்தார்கள். அந்த வாரம் பயிற்சிக்காகச் சின்னச் சின்னத் தீவு நாடுகளிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்களும் வேடிக்கை பார்க்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியத்தான் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடல் ஏன் உள்ளே வருகிறது என்று முதல் கேள்வி.

"தெக்க சொவரு கட்டினாம்லா, அதான்" என்றார் பெரியத்தான்.

"வெயிலும் முன்ன மாதிரி இல்ல, காத்தும் மாறிட்டு" என்றான் தம்பி.

நான் இரண்டையும் அப்படியே சொன்னேன். மேலதிகாரி கன்சல்டன்ட் பெண்ணைப் பார்த்தார். 'பல காரணிகள்' என்று அவள் எழுதிக்கொண்டாள். எந்த ஊர் முதலில் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி. பெரியத்தான் சீட்டைப் பற்றிச் சொன்னார். செம்பு, கோவில் முற்றம், டெல்லியிலிருந்து வந்த பிள்ளை எல்லாம் சொன்னார். அந்தப் பிள்ளை என் பிள்ளைதான் என்பதையும் சேர்த்து மொழிபெயர்த்தேன், வேறு என்ன செய்ய. அறையே சிரித்தது. "மேடம், லாட்டரியா?" என்று மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்சல்டன்ட் பெண் சிரிக்காமல் யோசித்தாள். பிறகு, இதை 'மக்கள் பங்கேற்புடன் கூடிய இடர்ப் பகிர்வு முறை' என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்றாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சற்று முன் சிரித்தவர்களே இப்போது இது மிகவும் முன்மாதிரியான ஏற்பாடு என்று பேச ஆரம்பித்தார்கள். தம்பி என் காதில், "என்னக்கா சொல்லுதாங்க?" என்றான். பாராட்டுகிறார்கள் என்றேன். எதற்கு என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

சுவரோரம் இருந்த தீவுக்காரர்களில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கையை உயர்த்தினாள். அவள் மட்டும்தான் ஆரம்பத்திலிருந்து சிரிக்கவே இல்லை.

"தோற்றவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டாள்.

இரண்டாவது கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார் மேலதிகாரி. அதை நான் கேட்கவில்லை, அதுவரை எங்கே போவார்கள் என்றாள் அவள். எங்கள் நாட்டில் பக்கத்து ஊர் என்று ஒன்று கிடையாது, அதனால் கேட்கிறேன் என்றும் சொன்னாள். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன், தண்ணீர் குடிக்கிற மாதிரி கொஞ்சம் நேரத்தைக் கடத்தினேன். அதற்குள் இன்ஜினியர் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னது நியாயம். அதுதான் இதில் பெரிய கஷ்டம். தெற்கில் முதலில் கட்டினால் வடக்கு அழியும், அதற்கு நம் பணமே காரணமாகிவிடும். வடக்கில் முதலில் கட்டினால் புதிதாக யாருக்கும் கெடுதல் இல்லை. எனவே வரிசையை மாற்றிவிடலாம், வடக்கூர் முதலில். இரண்டு ஊர்ப் பிரதிநிதிகளும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் இந்தக் கூட்டத்திலேயே சிபாரிசு செய்துவிடலாம். பெரியத்தானைப் பார்த்து எல்லோரும் புன்னகை செய்தார்கள். தோற்றவர் ஜெயித்துவிட்டார், சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். பெரியத்தான் குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"முடியாதும்மா. சீட்டு எங்களுக்கு விழல. விழாத பணத்துக்கு நான் கையெழுத்துப் போட்டா ஊருக்குள்ள எப்படிக் கால் வைக்க?"

மேலதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் ஊரைக் காப்பாற்றத்தானே கொடுக்கிறோம் என்றார். நாளைக் காலை வண்டி ஏறுவதற்குள் யோசித்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் திட்டமே திரும்பிப் போய்விடும் என்று காகிதத்தை என் கையில் கொடுத்தார். "மேடம், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்" என்று வேறு சொன்னார். என் குடும்பம் என்பதால் கோப்பை என்னிடம் தராதவர், என் குடும்பம் என்பதால் இதைத் தந்தார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நாலு பெரியவர்களும் மகளும் உட்கார்ந்தோம். காகிதம் ஊறுகாய் பாட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஊரில் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டார் பெரியத்தான். ஜெபம் பண்ணி முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

என் கணவர் அத்தனை மாதங்களில் முதல் தடவையாக இதைப் பற்றிப் பேசினார்.

"அண்ணே, போட்டுரு. அம்ம அங்கனதான கெடக்கா."

"அம்ம இருந்தா போடச் சொல்லுவாளா?"

"தெரியலண்ணே. ஆனா கல்லறைக்குள்ள தண்ணி வந்தா நான் என்ன செய்வேன்?" என்றார் என் கணவர். குரல் உடைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"எனக்கு மட்டும் ஆசையில்லியா?" என்றார் பெரியத்தான். "விழாதவன் கேக்கக்கூடாதுல. கையெழுத்துப் போடுதது கேக்குதது மாதிரிதான."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமிட்டி தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறது. பெரியத்தானால் இதை வாங்க முடியாது. கொடுத்தால்தான் வாங்க முடியும், கொடுக்கக்கூடியவன் என் தம்பி ஒருத்தன்தான். அது தெரிந்துதான் மேஜையில் இருந்த மற்ற இரண்டு ஆண்களும் அவனைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிச்சுவரில் போன மழைக்கே விரிசல் விழுந்திருக்கிறது. விட்டுக்கொடுடா என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. கொடுத்துவிடாதேடா என்று சொல்லவும் வந்தது. எழுந்துபோய், கேட்காதவர்களுக்கெல்லாம் ரசம் ஊற்றினேன்.

அவ்வளவு நேரமும் என் மகள், யார் என்ன சொன்னாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "நான் அன்னிக்கு எடுத்தது இதுக்கா? மாமா வீடா, பெரியப்பா வீடான்னா?"

பெரியத்தான் காகிதத்தை ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இன்னும் தள்ளி வைத்தார்.

"லக்கி டிரான்னு நெனச்சேன் நான்! யாருமே சொல்லலயே. கிஸீ நே பீ நஹீ." அழுகை வந்துவிட்டது. "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தானே என்னை எடுக்க வெச்சீங்க. படிக்கத் தெரியலன்னா ஒண்ணுமே தெரியாதா? பெரியப்பா, எனக்கு ஏன் மக்ரூன் குடுத்தீங்க?"

"நல்ல பிள்ளையா எடுத்தியே மக்களே, அதான்" என்றார் பெரியத்தான். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. "ஓங் கையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் இருக்குன்னு வேற யாரும் சொல்லிறக் கூடாதுன்னுதான் பெரியப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கேன்."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி கை கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போனான். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பாமல் இருமிக்கொண்டே இருந்தது. அவன் திரும்பி வந்தபோது முகம் குளிரில் வெளுத்திருந்தது.

"பெரியத்தான், எனக்கு விழுந்தத உங்களுக்கு விட்டுக்குடுக்கேன். நீங்க கேக்கல. நானாத்தான் குடுக்கேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

பெரியத்தான் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கையைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் கணவர் தம்பியைக் கட்டிக்கொண்டார். நான் மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மாமியார் கல்லறை தப்பியது என்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை என் தம்பியின் முகத்துக்கு எதிரில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

படுக்கை விரித்துக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏன்டா குடுத்த?"

"தெரியலக்கா" என்றான். "பிள்ள அழுதா. அவியளும் கேக்காமயே இருந்தாங்க. வாயில வந்துட்டு." பிறகு, "ரெண்டாவது கட்டம்னு ஒண்ணு சொன்னாங்கள்லா, அது எப்ப வரும்? நீ அங்கனதான வேல பாக்க" என்றான்.

அந்த ஆபீஸில் நான் முதல் கட்டங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கட்டம் எதையும் என் கண்ணால் பார்த்ததில்லை. வராது என்றும் சொல்ல முடியாது, விதிகளில் இருக்கிறது. தெரியலடா என்றேன். அவன் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டான்.

இதையெல்லாம் எழுதுகிற இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சிபாரிசு போய்விட்டது, பணம் வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை. ஊரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொன்னதும் ஆபீஸில் நாங்கள்தான், ஊர் முடிவு செய்ததை மாற்றியதும் நாங்கள்தான், மாற்றியதுதான் சரி என்பதும் எனக்குத் தெரிகிறது. பிறகு ஏன் டீ நேரத்தில் அந்த இன்ஜினியரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது என்று புரியவில்லை. என் மகள் யூடியூபைப் பார்த்துத் தானே தமிழ் எழுத்துப் படிக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். பனிமூட்டத்தில் வண்டி தாமதம். மகள் அவளாகவே வருகிறேன் என்று எழுந்து வந்திருந்தாள். பெரியத்தான் சாமான்களை எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டி வந்து, இரண்டு பேரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு, தம்பி கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தட்டினான்.

"மே மாசம் லீவுக்கு வந்துரு, என்ன? சீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது. சும்மா வா."

"மாமா, உங்க வீடு இருக்கும்ல?" என்று கேட்டாள்.

நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். தம்பி சிரித்தான்.

"இருக்கும் மக்களே. இல்லன்னா நீ நேரா பெரியப்பா வீட்ல எறங்கிரு. மாமா அங்கனதான் இருப்பேன்."

எதிர் சீட்டில் பெரியத்தான் குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "நம்ம வீட்டு மாடில ஒரு ரூம் கட்டணும்" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லாமல். வண்டி நகர்ந்துவிட்டது.